நகத்துக்கு ஒரு நியாயம், முடிக்கு ஒரு நியாயம்

கலிபோர்னியாவில் சட்டம் போட்டவர்கள் உழைக்கிறவர்களைத் தலையைத் தொடுகிறவர், காலைத் தொடுகிறவர் என்று பிரித்துவிட்டார்கள். முடி வெட்டுகிறவனுக்கு விதிவிலக்கு. அவன் தனக்குத்தானே முதலாளி. நகம் வெட்டுகிறவளுக்கு இருந்த விதிவிலக்கு 2025 ஜனவரியோடு முடிந்தது. இனி அவள் கடையின் தொழிலாளி.

நகக்கடையில் வேலை பார்த்த லியெனுக்கு வேண்டியதும் அதுதான். ஊரார் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு நரம்பு செத்திருந்தது. கோடையில் அறுவை சிகிச்சை. தொழிலாளி என்றால் சம்பளத்தோடு விடுப்பு. முதலாளி என்றால் வீட்டில் பட்டினி.

கடைக்காரி துயெத் விடுவாளா? வக்கீலைப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தோடு வந்தாள்.

"ஏன்டி, நீ முடி வெட்டவும் லைசென்ஸ் வாங்கினவதானே? இனிமே நீ முடிக்காரி. கையெழுத்துப் போடு."

"நாளைக்கும் காலைத்தான அக்கா தேய்க்கப் போறேன்?"

"பேப்பர்ல முடி, கையில நகம். உன் நேரம், உன் ரேட்டு, உன் கஸ்டமர். கொடுத்து வெச்சவடி!"

பக்கத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்த லாம் இளித்தான். "வாங்க முதலாளியம்மா. நானும் முதலாளிதான். ஒண்ணுக்குப் போகவும் அக்காவக் கேட்டுத்தான் போறேன்."

போடாவிட்டால் நாற்காலி கிடையாது. லியென் போட்டாள்.

டெட் புத்தாண்டுக்கு முந்தின நாள். பழைய நகத்தோடு புது வருஷத்தில் நுழைய எந்த வியட்நாம்காரி சம்மதிப்பாள்? வாசல்வரை கூட்டம். லியென் உச்சி வெயிலில், கையில் கறி வைத்த ரொட்டியோடு வந்தாள். தன் மேசையில் இரட்டிப்பு விலை எழுதிய அட்டையை வைத்தாள்.

நகக்கடையில் யாருக்கு யார் என்று முறை வைத்துக் கூப்பிடுவது கடைக்காரிதான். துயெத் கத்தினாள்: "லியென், உன் முறை! மஞ்சச் சட்டை அம்மா. ஓடு!"

"அவங்க என் கஸ்டமர் இல்லையே அக்கா. சாப்பிட்டு யோசிக்கிறேன்."

"யாரைக் கேட்டுடி இந்த ரேட்டு? யாரைக் கேட்டு இந்நேரத்துக்கு வர்றே? இங்க முதலாளி யாரு?"

கடையே திரும்பியது.

"அதத்தான் நானும் கேக்கறேன். சத்தமாச் சொல்லுங்க."

மஞ்சள் சட்டைக்காரி கைப்பையோடு எழுந்தாள். எதிர்ச் சாரியிலும் நகக்கடை உண்டு. அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"நான்தாண்டி! நீ என்கிட்ட வேலை பாக்கறவ! போதுமா? உக்காரு!"

"எழுதிக் குடுங்க, உக்கார்றேன்."

துயெத் ஒப்பந்தத்தின் முதுகிலேயே கிறுக்கி விட்டெறிந்தாள். லியென் அதை மடித்துச் சட்டைக்குள் செருகினாள். தொழிலாளிக்குச் சாப்பிடச் சட்டப்படி நேரம் உண்டு. கடைசி வாயை நிதானமாக மென்றுவிட்டுத்தான் மஞ்சள் சட்டைக்காரியின் கால் தொட்டியில் தண்ணீரைத் திறந்தாள்.

"அக்கா, அப்ப எனக்கு?" என்று துயெத்தைக் கேட்டான் லாம்.

"நீ தலையத் தொடறவன்டா. உனக்குச் சட்டம் இல்ல. வெட்டு."