இரண்டு தாள்கள்

போர்முனைக்கு ஆயர் ஆண்டகை வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒனுஃப்ரி அதற்குள் தாள்களை முழங்காலில் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒன்று உயிரோடிருப்பவர்களுக்கு, தலையில் சிலுவை போட்ட மற்றது இறந்தவர்களுக்கு. ஈஸ்டர் பூசையில் வேண்டுதலுக்காக வாசிக்க ஞானஸ்நானப் பெயர் மட்டும் போதும், குடும்பப் பெயரும் பதவியும் வேண்டாம். உயிரோடிருப்பவனைத் தவறிப்போய்ச் சிலுவைத் தாளில் எழுதினால் அவனுக்கு ஆகாது என்று அவன் ஊரில் பதறுவார்கள். பதுங்குகுழியை விட்டு வர முடியாதவர்களின் பெயர்களையும் சார்ஜென்ட் என்ற முறையில் அவன்தான் கேட்டு எழுதினான். சிப்பாய் ஹராசிம் தன் பூனையின் பெயரையும் சேர்க்கச் சொன்னான்.

"அதுக்கு ஞானஸ்நானம் ஆச்சாடா?"

"தெனமும் மழையில நனையுதே, அது போதாதா?"

ஒனுஃப்ரிக்குச் சிரிப்பு வந்தது. பேனாதான் நகரவில்லை. தம்பி திமீஷை எந்தத் தாளில் எழுதுவது? ஏழு மாதமாக அரசாங்கக் காகிதத்தில் திமீஷ் காணாமல் போனவன். சண்டையின்போது சூரியகாந்தி வயலில் அவன் விழுந்ததையும், பிறகு அசையாமலே கிடந்ததையும் ஒனுஃப்ரி கண்ணால் பார்த்திருந்தான். உடலை எடுக்க முடியவில்லை. புதைக்க உடல் இல்லாமல் அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? "நான் பாக்கலம்மா" என்று ஃபோனில் சொல்லிவிட்டான். அந்தப் பொய்யில்தான் அம்மா இன்றுவரை குடியிருக்கிறாள். கடைசியில் அவன் எந்தத் தாளிலும் தம்பியை எழுதவில்லை.

பூசை பழைய மாட்டுக்கொட்டகையில் நடந்தது. குண்டு துளைக்காத கவசத்தின்மேல் பூவேலை அங்கி போட்டிருந்த ஆண்டகை உப்பிப்போய்த் தெரிந்தார். ரொட்டி, சாயம் பூசிய முட்டை, டப்பா இறைச்சி எல்லாவற்றின்மேலும் புனித நீரைத் தெளித்தார். பையன்கள் முகத்தை நீட்டி நனைந்துகொண்டார்கள். பிறகு, அவர்களுடைய வீடுகளிலிருந்து வந்த தாள்களை முதலில் எடுத்தார். உயிரோடிருப்பவர்களில் நாலாவது பெயர் திமீஷ். அதைச் சொன்னபோது அவர் தாளைப் பார்க்கவில்லை. ஒனுஃப்ரி தலையைக் குனிந்துகொண்டான். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பூசை முடிந்ததும் ஆண்டகை அவனை வண்டியருகே அழைத்துப் போனார்.

"உங்கம்மா போன ஞாயிறு என்னைப் பாக்க வந்தாங்கப்பா. இந்தத் தாளக் குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'சின்னவன் பேர வாசிக்கும்போது பெரியவன் மொகத்தக் கொஞ்சம் பாருங்க சாமி'ன்னாங்க."

ஒனுஃப்ரி நிமிர்ந்தான். "பாத்தீங்களா சாமி?"

"பாத்தேன்."

தூரத்தில் இரண்டு குண்டுகள் விழுந்தன. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தான் புதன்கிழமை அவன் ஊர்ப் பக்கம் போகப் போவதாக ஆண்டகை சொன்னார். அம்மா வாசலிலேயே நிற்பாள், அது இருவருக்குமே தெரியும்.

"நான் பாத்தத நான் சொல்லவா, இல்ல நீயே சொல்றியா?"

ஒனுஃப்ரி அம்மாவின் தாளை வாங்கிப் பார்த்தான். பெரிய பெரிய எழுத்தில், இரண்டு மகன்களையும் ஒரே வரியில் எழுதியிருந்தாள். ஒனுஃப்ரியின் பெயர் கொஞ்சம் நெருக்கியடித்து ஓரத்தில் இருந்தது. ஆண்டகை வாசித்துத் திருப்பித் தந்திருந்த சிலுவைத் தாளை அவன் பையிலிருந்து எடுத்து வண்டியின் முன்பக்கத்தில் விரித்தான். காற்று அதைத் தூக்கப் பார்த்தது. ஆண்டகை இன்னும் ஈரம் காயாத உள்ளங்கையால் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒனுஃப்ரி பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.