மோட்டார் லைனில் மாட்டிய ஆம்ப்

அதீபா பழுது பார்த்த சாமான் திரும்பி வந்ததாகச் சேந்தமங்கலத்தில் சரித்திரமே கிடையாது. இதை ஊர் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். கூச்சப்படுகிற ஆள் இல்லை. அப்படிப்பட்டவளுக்கு அன்று காலை ஒன்பது மணிக்குக் கொல்லிமலையிலிருந்து போன் வந்தது. நான்கு நாளைக்கு முன்பு அவள் சரிசெய்து கொடுத்த கித்தார் ஆம்ப் டப்பென்று வெடித்துப் புகை கக்கிவிட்டதாம்.

பேசியவள் திண்ணனூர் நாட்டுக் கோகிலா. மிளகு பறிக்கிற கையாலேயே எலக்ட்ரிக் கித்தாரும் வாசிப்பவள். மதியம் மூன்று மணிக்கு மகளிர் குழு ஆண்டு விழாவில் அவள் வாசிக்க வேண்டும். சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் இல்லாவிட்டால் அந்தக் கித்தார் வெறும் பலகை.

"ரிப்பேரு சரியில்லைன்னு இங்க எல்லாரும் பேசறாங்கக்கா" என்றாள்.

அதுதான் அதீபாவுக்குச் சுருக்கென்று தைத்தது. மலையில் ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த சந்தைக்குள் மலையின் எல்லா நாட்டு ஊர்களுக்கும் போய்விடும். அவள் கடைக்கு வரும் மிக்சி, டிவி, மைக்செட்டில் பாதி மலையிலிருந்து இறங்குபவை. பேர் கெட்டால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். பையைத் தூக்கிக்கொண்டு மலை பஸ் ஏறினாள்.

விழா நடப்பது மிளகு காயப்போடும் ஷெட்டில். அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. ஐம்பது பேர் சுற்றி நின்று பார்க்க, ஆம்பைத் திறந்தாள். பெரிய கெப்பாசிட்டர் இரண்டும் பூரி மாதிரி உப்பியிருந்தன. டிரான்சிஸ்டர் ஜோடி கருகிப்போயிருந்தது. பியூஸ் தன் உயிரைக் கொடுத்து டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றியிருந்தது. அவள் ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் போய் முடிந்தது.

"இதை யாருங்க மாட்டினது?"

கோகிலாவின் புருஷன் தனபால் கையைத் தூக்கினான்.

"ஊட்டு லைன்ல ஒரு பேஸு, ஒரு நியூட்ரல். இருநூத்தி முப்பது வோல்ட்டு. நீங்க மோட்டாருக்கு வர்ற ரெண்டு பேஸைக் கட்டியிருக்கீங்க. நானூறுக்கு மேல! வெடிக்காம என்னங்க செய்யும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அட தனபாலு, கித்தாரை வெச்சுத் தண்ணி எறைக்கலாம்னு பாத்தியா?" என்றார் ஒருவர். அதீபாவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. சந்தோஷமாகவே இருந்தது, மறைப்பானேன்.

சிரிப்பு அடங்கி ஆட்கள் கலைந்த பிறகு தனபால் அவள் பக்கத்தில் வந்து குந்தினான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஏனுங்கக்கா, நேத்து போன் பண்ணினேனுங்களே. ஊட்டு லைன்ல வோல்டேஜு கம்மி, ஆம்ப் உறுமுதுன்னேன். 'வோல்டேஜ் தூக்கலா வர்ற லைன்ல மாட்டுங்க'ன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. எங்களுக்குத் தூக்கலுன்னா மோட்டார் லைன்தானுங்க."

சொல்லியிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு வேலையில் கண்ணை வைத்துக்கொண்டு, போகிறபோக்கில் சொன்னது. எந்த லைன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலைச் சாமான் பார்த்தே பிழைக்கிறவளுக்கு மலை லைன் தெரியாதா? முகம் சுட்டது. "மொதல்ல இது பேசட்டும்" என்று மட்டும் சொல்லி, சால்டரிங் அயர்னைச் சூடேற்றினாள்.

ஸ்பேருக்குச் சேலம் போய் வர நேரமில்லை. குழுத் தலைவி சுகுணா, மூலையில் கிடந்த செத்த மைக்செட்டைக் காட்டினாள். "பேச்சு நின்னு ரெண்டு வருஷமாச்சு. எடுத்துக்குங்க."

அதிலிருந்த கெப்பாசிட்டர்கள் கரண்டைத் தேக்கும் அளவில் பாதிதான். ஆனால் வோல்டேஜ் தாங்குவதில் ஒரு படி மேல். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பற்றவைத்தால் சரிக்குச் சரி. டிரான்சிஸ்டர் வேறு நம்பர், உருவமும் பெரிது. மீட்டரை வைத்துக் காலுக்குக் கால் பார்த்தாள், வரிசை ஒன்றுதான். பழைய இடத்தில் உட்காராததால் தகரப் பட்டை ஒன்றை வளைத்து, கரண்ட் பாயாமல் இருக்க அடியில் மைக்கா தாள் வைத்து முறுக்கினாள். பட்டுச்சேலைக்கு ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. இருந்தால் என்ன, வேலை செய்தால் போதும்.

புதிதாக மாட்டியதை அதீபா நேராகக் கரண்டில் போடமாட்டாள். கோழிக்குஞ்சுக் கூண்டிலிருந்து குண்டு பல்பைக் கழற்றி வரச்சொல்லி, வீட்டு லைனுக்கும் ஆம்புக்கும் நடுவில் கட்டினாள். பல்ப் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். சுவிட்சைப் போட்டாள். பளிச்சென்று எரிந்தது. மெல்ல மங்கி, பல்ப் அணைந்தே போனது. அதைக் கழற்றிவிட்டு ஆம்பை நேராக வீட்டு லைனில் கட்டினாள்.

"முடிஞ்சுது. வாசி கண்ணு."

கோகிலா கம்பியைத் தட்டினாள். வீட்டு லைனில் லேசான உறுமல் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஷெட்டின் தகரக் கூரையே அதிர்ந்தது. மணி மூன்றுக்குப் பத்து நிமிஷம். ஜனம் கைதட்டியது.

ஆம்பின் இன்னொரு துளையில் மைக்கைச் செருகி சுகுணா வரவேற்புரை தொடங்கினாள். "ரிப்பேருல ஒரு தப்பும் இல்லீங்க. எல்லாம் நம்ம தனபாலு பண்ணின கூத்து!" மறுபடி சிரிப்பு. தனபாலும் சிரித்தான், தலையைக் குனிந்துகொண்டு.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதீபாவின் பேர் சுத்தமாகிவிட்டது. பையும் மூடியாயிற்று. இப்படியே நடந்தால் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். தனபாலும் வாயைத் திறக்கப்போவதில்லை. அவன் திறக்கமாட்டான் என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை. சுகுணாவிடம் போய் மைக்கை வாங்கினாள்.

"ஒரு நிமிசமுங்க. தனபாலு நேத்து என்கிட்டக் கேட்டுட்டுத்தான் மாட்டினாரு. எந்த லைன்னு விசாரிக்காம வாய்க்கு வந்ததைச் சொன்னது நான். தப்பு என்னுதுங்க."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணாயி, "அப்ப என்ற மிக்சிய இனி யாருகிட்டம்மா குடுக்கறது?" என்றாள்.

"என்கிட்டத்தான். வேற யாரு பாப்பாங்க? எந்த லைன்ல ஓட்டறீங்கன்னு இனிமே கேட்டுட்டுத்தான் குடுப்பேன்."

தனபால் அப்போதுதான் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தான். எழுந்து கண்ணாயியிடம் வந்தான்.

"மிக்சி எங்கிருக்குதுன்னு சொல்லுங்க. அக்கா கூடவே நான் பஸ்ஸு வரைக்கும் தூக்கிட்டு வாரேன்" என்றான்.