கையெழுத்துப் போடும் இடம்

1
இந்தக் கதை காது-மூக்கு-தொண்டை மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. எனக்குக் காதடைப்பு. பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா, மடியில் வாயைத் திறந்தபடி தூங்கும் ஐந்து வயது மகள். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2
முதல் தொடக்கம்: "அவள் கணவன் பொறுப்பில்லாதவன்..." அடித்துவிட்டேன். வில்லன் இருந்தால் எனக்கு வேலை சுலபம். பாவம், அவன் கப்பலில் சமையல்காரன். "நீ எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்" என்று தொலைபேசியில் சொல்கிறான். அன்பாகத்தான் சொல்கிறான். கேட்டதும் அவள் இன்னும் தனியாகிப்போனாள்.

அவளுக்கு ஒரு தொழில் கொடுத்தேன்: அரசு அலுவலக வாசலில் மேசை போட்டு, ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருபவள். காலிக் கட்டத்தைக் கண்டால் கை பரபரக்கும்.

3
மருத்துவர் நல்லவர், அதுதான் சிக்கல். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு, தொண்டையில் டான்சில், இரண்டும் வீங்கித் தூக்கத்தில் மூச்சை அடைக்கின்றன என்று படம் வரைந்து காட்டினார்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். ஆறு மாசம் பொறுத்தும் பாக்கலாம், சில குழந்தைங்களுக்குத் தானா சுருங்கிடும். ரெண்டுமே தப்பில்லம்மா. நீங்கதான் சொல்லணும்."

தப்பில்லாத இரண்டில் ஒன்றை எடுக்க [துணிச்சல்? அசட்டுத்தனம்? பிறகு பார்க்கலாம்] வேண்டும். மயக்க மருந்து என்றதும் மகளை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டாள். பொறுக்கலாம் என்றாலோ, மகளின் மூச்சு நிற்கும்போதெல்லாம் இவளும்...

முடிவெடுத்த பிறகு நிரப்பித் தந்தால் போதும் என்று ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தைக் கொடுத்தார்கள். அவள் எந்த முடிவும் எடுக்கவில்லை. கை தானாக ஓடியது. மளமளவென்று நிரப்பி, அடியில் கையெழுத்தும் போட்டு நீட்டினாள். நர்ஸ் திருப்பித் தந்தார்.

"இது படிவம் எழுதிக் குடுத்தவங்க போடுற இடம். குழந்தையோட அம்மா வரலையா?"

பழக்கதோஷம். பதினோரு வருடமாக அவள் கையெழுத்துப் போடும் இடம் அதுதான். 'பெற்றோர்' என்ற கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது.

"நான்தான் அம்மா" என்றாள். (இந்த வரியை நான்கு முறை எழுதினேன். எப்படி எழுதினாலும் அழுகிறது.)

4
முடிவு ஒன்று: ஆபரேஷன் நல்லபடியாக நடக்கிறது, குழந்தை வாய் மூடித் தூங்குகிறாள். முடிவு இரண்டு: ஆறு மாதத்தில் தானாகச் சரியாகிறது. மூன்றாவதை எழுத எனக்குக் கை வரவில்லை. அவளோ அதை மட்டும்தான் மனத்துக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5
ஒன்றை மறைத்துவிட்டேன். அன்று அவள் என் பக்கம் திரும்பி, "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று நிஜமாகவே கேட்டாள். என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி எழுந்து போனேன். யாரும் கூப்பிடவில்லை.

அந்த நாற்காலி இப்போது உங்களுக்கு. அவள் உங்கள் பக்கம் திரும்புகிறாள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.