கடைவாய்ப் பல்

ஞாயிற்றுக்கிழமை காலை, டீயின் முதல் மடக்கிலேயே வெல்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பல மாதங்களாக முணுமுணுத்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் இன்று கத்தவே தொடங்கிவிட்டது. பல் டாக்டருக்குப் போன் போட்டார். நாளைக்குத்தான் பார்க்க முடியும், முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றார்கள்.

இரும்பையே உருக்கி ஒட்டுகிற மனிதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடினார். கிராம்பு எங்கே இருக்கிறதென்று தெரிந்த மனைவியோ தன் அக்கா வீட்டில் இருந்தாள். ஏதோ ஒரு சண்டையில் "போறதுன்னா போ" என்று இவர் வாயை விட, அவள் போயே விட்டாள். அப்புறம் யார் முதலில் பேசுவது என்று இருவரும் முறுக்கிக்கொண்டார்கள். கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் இன்னும் கசங்காமலே கிடந்தது. தூக்கத்தில்கூட இவர் அங்கே புரளுவதில்லை.

மதியத்துக்குள் வீராப்பெல்லாம் கரைந்துவிட்டது. அவளுக்குப் போன் போட்டார்.

"கிராம்பு எங்க வச்சிருக்க?"

கிராம்பு என்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பல்லு வலியா? எந்தப் பக்கம்?"

"இடது. கீழ."

"அப்பவே காட்டுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். மேல் தட்டுல, சீரகத்துக்குப் பின்னாடி இருக்கு. முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில உப்பு போட்டுக் கொப்பளிங்க. அப்புறம் ஒரு கிராம்ப பல்லோரமா அடக்கிக்கோங்க. ஐஸ துணியில சுத்தி கன்னத்துல ஒத்தி ஒத்தி எடுங்க. சூடு வேணாம்."

"வலி மாத்திரைய பல்லு மேலயே வச்சா உடனே கேக்கும்னு பட்டறையில சொன்னாங்களே?"

"ஐயோ, ஈறு வெந்துபோயிடும்! மாத்திரைன்னா முழுங்கணும்."

"சரி. போன வச்சிடாத."

"நீங்க கொப்பளிக்கிறதையும் நான் கேக்கணுமா?"

"கேளேன்."

போனை மேடைமேல் வைத்துவிட்டுக் கொப்பளித்தார். தண்ணீர் மூக்கில் ஏறிப் புரையேறியது. அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு கேட்டு எவ்வளவு நாளாயிற்று! வாயைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். அதற்குள் அக்கா கூப்பிடவே, அவள் போனை வைத்துவிட்டாள். கிராம்பின் காரத்தில் பல் மெல்ல மரத்தது. நெஞ்சின் வலிதான் மரக்கவில்லை.

மறுநாள் டாக்டர் ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி மருந்து வைத்தார். பல்லைப் பிடுங்க வேண்டாம், வேருக்கு வைத்தியம் பார்த்துக் காப்பாற்றிவிடலாம் என்றார். வெல்டர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அவளைக் கூப்பிட்டு, கோணிப்போன வாயோடு விஷயத்தைச் சொன்னார்.

"நல்லது. இப்ப வலி இல்லையே?"

இல்லை என்றால் பேச்சு முடிந்துவிடும். அவர் வாசல் படியில் உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"வீடு வீடா இல்லம்மா."

"மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?"

"சனிக்கிழமை."

"தனியா போகாதீங்க. நான் நேரா அங்க வந்துடறேன். வீட்டுக்கு வர்றதப் பத்தி அப்புறம் பேசலாம்."

"சரி, சரி" என்றார் அவசரமாக. பட்டறைக்குப் போய் முகமூடியை மாட்டிக்கொண்டு வெல்டிங் கம்பியைக் கையில் எடுத்தார். சனிக்கிழமை எங்கோ தொலைவில் இருந்தது.