இன்னொரு டேக்

வெர்லீன் கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்து உதறினாள். சாவி இல்லை. அண்ணன் லெமுவேலின் துணிமணி கிடக்கும் பழைய வாடகை அறைச் சாவியும் அந்தக் கொத்தில்தான் இருந்தது. அடக்கம் நடத்துகிறவர் உடலை எடுத்துப் போகும்போது, மூன்று மணிக்குள் அவனுடைய சூட் வேண்டும் என்று சொல்லியிருந்தார். காலையில் உயிர் போனவனுக்கு மதியத்துக்குள் உடுப்பு தேட வேண்டியிருந்தது.

"நீதான் வெளியவே போகலையேடி. சாவிக்குக் கால் முளைச்சுதா?" என்றாள் அம்மா. அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

ஆறு வருடமாக லெமுவேல் ஒரு படம் எடுத்தான். எஃகு ஆலையில் வேலை போன ஒருவன், அதை மனைவியிடம் சொல்ல வாய் வராமல் தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போகிற கதை. சிகாகோவில் அவர்கள் தெருவிலேயே அப்படி நாலு பேர் இருந்தார்கள். கறுப்பர்களின் இந்தக் கதைக்கு எந்தக் கம்பெனியும் கை கொடுக்கவில்லை. டிவி நிலையத்தில் மிஞ்சிய ஃபிலிம் துண்டுகளை வாங்கி, சனி ஞாயிறுகளில் எடுத்தான். நடிப்பு அவன், ஒலிப்பதிவு தங்கை. கடைசியில் மனைவியிடம் அவன் சொல்கிற ஒரே வரி மட்டும் பஸ் சத்தத்தில் கெட்டுப்போயிருந்தது. அதைத் திரும்பப் பதிவு செய்வதற்குள் நுரையீரல் நோய் முந்திக்கொண்டது.

இன்று காலை அவனேதான் கேட்டான். "மிஷினை எடு வெர்லி. முடிச்சுருவோம்."

சமையலறையில் சாய்வு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தாள்.

"வேலை போயி மூணு மாசமா..." அதற்குமேல் இருமல் விடவில்லை. விரலைத் தூக்கி, "இன்னொரு டேக்," என்றான்.

"மூச்சு வாங்கிக்கோண்ணே. அவசரமில்ல."

வாங்கிய மூச்சு அந்த நாற்காலியிலேயே நின்றுபோனது. அவசரமில்லை என்று சொன்ன வாயை இப்போது என்ன செய்வது?

"வெர்லீன், இங்க வந்து பாரு!" சமையலறையிலிருந்து கூப்பிட்டது தேவாலயத்து சிஸ்டர் ஹேட்டி. துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். "ஃபிரிட்ஜுக்கு அடியில ஒரே தண்ணி. உள்ள ஜில்லுன்னே இல்ல. நான் வச்ச கறி என்னத்துக்கு ஆகும்?"

வெர்லீனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஃபிரிட்ஜின் உறுமல் பதிவில் விழாமலிருக்க பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். திரும்பச் சொருக மறக்கக்கூடாதே என்று வீட்டுச் சாவிக் கொத்தை ஃபிரிட்ஜுக்குள் வைப்பார்கள். சாவி இல்லாமல் யாரும் கிளம்ப முடியாதல்லவா? அது லெமுவேலின் யோசனை.

கதவைத் திறந்தாள். ஹேட்டியின் உருளைக்கிழங்குக் கிண்ணத்துக்குப் பின்னால் சாவி இருந்தது. அதில் குளிர்ச்சியே இல்லை.

"எந்தப் புண்ணியவான் பிடுங்கினானோ!" ஹேட்டி முனகிக்கொண்டே பிளக்கை எடுத்துக் குனிந்தாள்.

"சொருகாதீங்க! இன்னும் முடியல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று வெர்லீனுக்கே தெரிந்தது. ஹேட்டி பிளக்கும் கையுமாக விழித்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவளை, வாசற்படியில் வந்து நின்ற அம்மா, ஆறு வருடப் பழக்கத்தில் உதட்டில் விரல் வைத்து அடக்கினாள்.

மூவரும் அசையாமல் நின்றார்கள். ஃபிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு வெர்லீன் பிளக்கை வாங்கி, தானே சொருகினாள். ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கிவிட்டு உறுமத் தொடங்கியது.