ரிதெர்க் பெயரை எடுத்தவன்

அபெர்ஹோன்தி நகரத்திலிருந்து மெய்ரிக் பாடிக்கொண்டே வந்தான். அதைக் கேட்டதுமே அவன் மனைவி லெய்கி கைவேலையை அப்படியே வைத்தாள். கோர்ட்டில் வழக்குக் கேட்கும் ஜூரியில் உட்கார ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது முணுமுணுத்துக்கொண்டே போனவன் அவன். அப்படிப் போன மனிதன் பாடிக்கொண்டு திரும்புகிறான் என்றால் போன இடத்தில் எதையோ செய்துவைத்துவிட்டு வருகிறான் என்றுதான் பொருள்.

"ஏ லெய்கி, பிள்ளையைத் தூக்கிட்டு வா," என்றான் வாசலிலேயே. "அவனுக்கு ஒரு பேரு கொண்டாந்திருக்கேன்."

"அவனுக்குத்தான் எலிஸ்னு பேரு இருக்கே. எவ்வளவு குடிச்சே?"

"அது அவன் பேரு. இது வம்சத்துப் பேரு. எனக்கும் இதுதான், அவனுக்கும் இதுதான், அவன் பேரனுக்குப் பேரனுக்கும் இதுதான். மாத்தவே முடியாதாம்."

எங்கள் மலையில் அதுவரை அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஒருவன் பெயர் என்றால் அவனும், அவன் அப்பனும், அப்பனுக்கு அப்பனும். நடுவில் மகன் என்று சொல்ல ஒரு 'ஆப்'. மாடு மேய்க்கிறவன்கூட ஒன்பது தலைமுறையை மூச்சு விடாமல் சொல்லுவான். சொல்லத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், பாதிப் பேர் கஞ்சிகூட ஊற்ற மாட்டார்கள். கூரை ஒழுகும், காலில் செருப்பு இருக்காது, ஆனால் பாட்டன் பெயரைச் சொல்லும்போது மட்டும் ஒவ்வொருவனும் ராஜா. ஆங்கிலேயர்களின் அரசர் ஹென்றி எங்களையும் தன் சட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டபிறகு வந்த ஆங்கிலேயக் கோர்ட் குமாஸ்தாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் தாங்கவில்லை. பன்னிரண்டு ஜூரிகளைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு ஆறிப்போகிறது என்று சலித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரே பெயர் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் அதுவே நிலைக்கும் என்று சொல்லிவிட்டான்.

"நீ என்ன எடுத்தே?" என்று கேட்டாள் லெய்கி. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ரிதெர்க்," என்றான் மெய்ரிக். "ஆப் ரிதெர்க்னு சொன்னேன். அந்த ஆளு வாயில அது ப்ரொதரோன்னு வந்துச்சு. வந்துட்டுப் போகட்டும். உள்ள இருக்கிறது எங்க தாத்தன்தானே."

இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. மெய்ரிக்கின் அப்பன் தாவித் மலை தாண்டி ஒரு பசுவோடும் மனைவியோடும் வந்தவன். வந்த இடத்தில் தாய்மாமன் எய்னியோனை அப்பன் என்று சொல்லிக்கொண்டான். மெய்ரிக்கும் பிறந்ததிலிருந்து மெய்ரிக் ஆப் தாவித் ஆப் எய்னியோன். சாகும்போதுதான் தாவித் தன் மகன் காதில் உண்மையான வரிசையைச் சொன்னான். வெளியே சொல்லாதே என்றான். ஏன் என்று சொல்வதற்குள் உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து மெய்ரிக்குக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது, பாவம். நாளைக்கு மறக்கிற பேச்சில் பொய் சொல்லலாம். என்றைக்கும் நிற்கப்போகிற பெயரை ஒரு பொய்யின் மேல் எப்படி நிறுத்துவான்?

ஏன் என்பது லெய்கிக்குத் தெரியும். மாமியார் அவளிடம் சொல்லி, மகனிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தாள்.

"அங்க வேற யாரு இருந்தா?" என்றாள்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். கதூகன்னு ஒரு பெரியவர். அவரும் ஜூரிதான். தம்பி, எந்த ரிதெர்க்குன்னு கேட்டார். ஒன்பதையும் சொன்னேன் லெய்கி. வாழ்க்கையில முதல் தடவையா வாய் விட்டுச் சொன்னேன். அவர் கண்ணே கலங்கிப்போச்சு. எங்க தாத்தாவும் உங்க தாத்தாவும் ஒரே மேஜையில சாப்பிட்டவங்கன்னார். வியாழக்கிழமை மகன்களோட இங்க வர்றார்."

லெய்கி பிள்ளையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். ஒரே மேஜையில் சாப்பிட்டது உண்மைதான். அது ஒரு கல்யாண வீடு. நிலத் தகராறு ஒன்றில் வார்த்தை முற்றி, ரொட்டி அறுத்த கத்தியாலேயே ரிதெர்க் எதிரில் இருந்தவனைக் குத்திவிட்டான். குத்துப்பட்டவன் பெயர் திரஹாயர்ன். அவன் பேரன்தான் இந்தக் கதூகன். சிந்திய ரத்தத்துக்கு ஈடாக மாடு கொடுப்பது வழக்கம், அதை யாரும் கொடுக்கவில்லை. ரிதெர்க் காய்ச்சலில் செத்தான், மகன் தாவித் இரவோடு இரவாக ஓடிவந்துவிட்டான்.

மெய்ரிக் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? மறுநாளே மலை ஏறிப் போய், நான்தான் ரிதெர்க் பேரன், என்ன கணக்குன்னு நின்னிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? கிளம்பு. இன்னிக்கே எங்கயாவது போயிடலாம்."

"எங்க போறது? போற எடத்துக்கெல்லாம் பேரு நமக்கு முன்னாடி போய் நிக்கும்."

"வேற பேரு சொல்லு."

"சர்க்கார் முன்னாடி சொன்னதை மாத்தச் சொல்றியா? அதுவுமில்லாம அந்த மனுஷனை நான் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன் லெய்கி. கூப்பிட்டுட்டுக் கதவைச் சாத்தறதா?"

அவள் அழுதாள், திட்டினாள், அவன் வம்சத்தையே இழுத்துச் சபித்தாள். அவன் அசையவில்லை. கோபம் வந்தால்கூட அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவன் அமைதியாக வேலி கட்டினான், விறகு பிளந்தான், குளிர்காலத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகவே அடுக்கி வைத்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

வியாழக்கிழமை காலையிலேயே மூன்று பேரும் வந்தார்கள். கதூகன் மெலிந்த, மரியாதையான கிழவர். மகன்கள் இருவரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். லெய்கி தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். எங்கள் வீடுகளில் வந்தவன் கால் கழுவ விட்டால் அவன் அன்று விருந்தாளி. அந்தக் கூரைக்குக் கீழே அவன் கையை ஓங்க மாட்டான், அவன் மேலும் யாரும் ஓங்க மாட்டார்கள். வேண்டாம் என்று காலை இழுத்துக்கொண்டால் வந்த காரியம் வேறு. கதூகன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கத்தியை உருவி மெய்ரிக் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து காலை நீட்டினார். மகன்களும் அப்படியே செய்தார்கள். லெய்கிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஆறு கால்களையும் பெற்ற பிள்ளையின் கால்களைப் போலக் கழுவினாள்.

ஓட்ஸ் ரொட்டி, வெண்ணெய், லீக்ஸ் என்ற வெங்காயத்தாள் போட்ட கஞ்சி, மோர். எல்லாவற்றையும் ரசித்துச் சாப்பிட்டார் கதூகன். தொட்டிலைக் காட்டி, "பையன் பேரு என்ன தாயி?" என்று கேட்டார்.

"எலிஸ்," என்றாள் லெய்கி.

"எலிஸ் ப்ரொதரோ," என்றார் கதூகன், நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்போல. "பாரு தம்பி, முன்னெல்லாம் இதுக்கு ஒரு முடிவு இருந்துச்சு. ஒன்பது தலைமுறை போனா ஆளு பேரு வரிசையிலிருந்து உதிர்ந்துடும், பகையும் உதிர்ந்துடும். நானே பாதி மறந்திருந்தேன். இப்ப இங்கிலீஷ்காரன் புண்ணியத்துல உதிராது. இந்தப் பையன் பேரன் எந்தச் சந்தையில நின்னாலும், யாராவது அவனைக் கூப்பிட்டா எங்க வீட்டுப் பசங்க திரும்பிப் பாப்பாங்க. தலைமுறை எண்ண வேண்டியதில்லை, விசாரிக்க வேண்டியதில்லை."

"மாடு தர்றேன் பெரியவரே," என்றான் மெய்ரிக். "இருக்கிறது அத்தனையும்."

"உங்க தாத்தன் தந்திருக்கலாம். இப்ப ரத்தத்துக்கு மாடு வாங்கினா குற்றமாம், புதுச் சட்டம். மாடு கைமாறினா ஊருக்கே தெரியும், வாங்கினவனைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க." கிழவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "மிரட்ட வரலை தம்பி. உன் ரொட்டியைத் தின்னிருக்கேன். உள்ளதைச் சொல்றேன். ஆளுக்கு ஆள், உசிருக்கு உசிர்னு ஆயிட்டா அது அங்கயே முடிஞ்சுபோச்சு. அப்புறம் அந்தப் பேருல அழுக்கு இல்லை."

அவர்கள் எழுந்தார்கள். மெய்ரிக் கத்திகளைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு கொக்கியில் தொங்கிய மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஓடை வரைக்கும் விட்டுட்டு வர்றேன்," என்றான்.

விருந்தாளியை எல்லை ஓடைவரை கொண்டுபோய் விடுவது வீட்டுக்காரனுடைய கடமை. ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை.

லெய்கி குறுக்கே நின்றாள். "இந்தக் கரையோட நின்னுக்கோ. சத்தியம் பண்ணு."

"விடு புள்ள."

"நீ என்ன செய்யப் போறேன்னு எனக்குத் தெரியும். பேரு கெடக்குது, தீயில போடு அதை. எங்களுக்கு நீ வேணும்யா."

"பேரை அவன் தலையில வச்சது நான்தானே," என்றான் மெய்ரிக். குனிந்து தொட்டிலில் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டான். "வச்சவன்தானே துடைச்சுக் குடுக்கணும்." அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரத்தில் கதூகன் மட்டும் திரும்பி வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். காலில் ஓடைத் தண்ணீர் சொட்டியது.

"அவனாத்தான் தாண்டி வந்தான் தாயி. ஆயுதம் எதுவும் எடுக்கலை," என்றார். "முடிஞ்சுபோச்சு. இனிமே உன் மகன் பேரை எங்க வேணும்னாலும் சத்தமாச் சொல்லலாம். எங்க வீட்டுல ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான்."

கிழவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எலிஸ் வளர்ந்து, மாடு வாங்கி, நிலம் வாங்கி, அந்தப் பெயரோடு சந்தை சந்தையாகப் போய்வந்தான். பேரப் பிள்ளைகளெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். லெய்கி மட்டும் அதைச் சொல்லவில்லை. கோயில் பாதிரியார் கேட்டபோதும், மகன் கல்யாணத்தில் கேட்டபோதும், எலிஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.