குப்புறப் படுத்த சாமிகள்

சாப்பாட்டுத் தூக்கோடு நான் வரப்பில் ஏறியபோது என் வீட்டுக்காரர் முனியராஜ் சாமிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு நின்றார். நிலம் முழுக்க முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் வானத்தைப் பார்த்துக் கிடந்தார்கள். நட்டநடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம் மட்டும் கறுப்பாக மிச்சமிருந்தது. அதில் இவர், கையில் கடைசித் தாளோடு. ஓரத்தில் காற்று புகுந்துவிடக் கூடாதென்று நாலு வரப்பிலிருந்தும் உள்பக்கமாகவே விரித்துக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வர ஒரு வழி விட வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

“எம்புட்டு நேரமா இப்பிடி நிக்கிறீக?”

“அரை மணி நேரமிருக்கும். தாண்டிரலாமான்னு பாத்தேன். கால் வரல.”

சிரித்துவிட்டேன். பிறகு நானும் செருப்பைப் பார்த்துக்கொண்டு வரப்பிலேயே நின்றேன். எனக்கும் கால் வரவில்லை.

இவருக்கு சிவகாசியில் பிரஸ் வேலை. காலண்டர் அடிக்கிற மிஷினில் நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை முதல் நூறு தாள் வீணாகும். அதில் மஞ்சள் மட்டும் விழுந்த முருகன் இருப்பார், வெயிலில் கரைந்து போனவர் மாதிரி. நீலத்தில் மட்டும் ஒரு மீனாட்சி. கலர் நகர்ந்து போய் நாலு கண்ணோடு ஒரு லட்சுமி. அந்தத் தாள்களைத்தான் சைக்கிளிலும் பைக்கிலுமாக இரண்டு மாதமாகக் கொண்டுவந்து சேர்த்தார். முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, “சாமி படத்துல வடைய மடிச்சுத் தாராங்க, வயிறு எரியுது. ஒன் காட்டுலயாச்சும் மரியாதையாக் கெடக்கட்டும்” என்று அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். இப்போது அந்த மரியாதைதான் எங்களை ஆளுக்கொரு பக்கம் நிறுத்தியிருந்தது.

எங்களுக்கு இருப்பதே இந்தச் சரிவில் பத்து சென்ட். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் மேல்மண் கரைந்து ஓடையில் இறங்கிவிடும். என் நிலத்தில் பாதி வெம்பக்கோட்டை அணைக்குள்தான் கிடக்கிறது என்று பட்டாசு ஆலையில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும்போது சொல்லிச் சிரிப்பேன். சிரிக்கிற விஷயமில்லை. போன வருஷம் மழை நேரத்தில், மடையில் வழிந்த தண்ணீரை இந்தத் தூக்கு மூடியில் பிடித்துப் பார்த்தேன். கடுங்காப்பி மாதிரி இருந்தது. மறுநாள் தண்ணீரை இறுத்தால் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மண். சோற்றைக் கீழே கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. மேட்டில் ஏற்கெனவே வெள்ளைச் சுக்கான்கல் பல்லைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. இந்த மழைக்கும் மண் போனால் அப்புறம் விதைக்க ஒன்றுமில்லை, கல்லைத்தான் கட்டி அழ வேண்டும். தட்டையோ தழையோ பரப்பி மூடாக்குப் போட்டால் மண் நிற்கும் என்று ஃபோனில் பார்த்தார் இவர். சோளத்தட்டை மாட்டுக்கே பத்தவில்லை. எங்கள் ஊரில் குவிந்து கிடப்பது காகிதம்தான்.

பக்கத்து நிலம் என் அண்ணன் பாண்டியுடையது. பைக்கை நிறுத்திவிட்டு வந்து அவனும் வரப்பில் நின்றான்.

“ஏ யோகு, சாமிய மிதிச்சா வெள்ளாம பாக்கப் போறிய?”

“மிதிக்காமத்தாண்ணே அந்த மனுசன் அங்கன நிக்காரு.”

அப்போதுதான் காற்று திரும்பியது. மேற்கே வானம் மயில்கழுத்து நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மழை வந்தால் சரக்கு காயாது, எங்களுக்கு வேலை இருக்காது. ஊரே வேண்டாமென்று கும்பிடுகிற மழை. நான் மட்டும் அதை வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் நினைத்துக்கொண்டு நின்றேன். ஓரத்தில் கல் வைத்த தாள்கள் அசையவில்லை. நடுவில் கிடந்தவை மூச்சுவிடுவது போல ஏறி இறங்கின. ஒரு மஞ்சள் முருகன் எழுந்து, நிதானமாக அண்ணன் நிலத்தைத் தாண்டிப் பறந்து போனார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

“மண்கட்டிய எடுத்து வைக்கணும்!” என்று இவர் அங்கிருந்து கத்தினார். வைப்பதென்றால் உள்ளே நடக்க வேண்டும். அதைச் சொன்னவரும் நடக்கவில்லை.

செருப்பைக் கழற்றினேன். குனிந்து முதல் தாளை எடுத்தேன். நாலு கண் லட்சுமி. நாலு கண்ணாலும் என்னையே பார்த்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. “கொஞ்ச நாளைக்குக் கண்ண மூடிக்கோ தாயி” என்று சொல்லிக் குப்புறப் போட்டேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. ஒரு கட்டியை வைத்துவிட்டு அந்த வெள்ளையில் காலை வைத்தேன்.

“ஏய், மொகத்தப் போயி மண்ணுலயா வைக்க?” இவர் குரல் உடைந்துவிட்டது.

“நாம விளுந்து கும்புடுறப்ப நெத்தி எதுல படுது? ஒரு நாளைக்கு அவுகளும்தான் கும்புடட்டுமே.”

அவர் தன் காலடியில் கிடந்த மீனாட்சியைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிற மாதிரித் திருப்பினார். நான் வெளியிலிருந்தும் அவர் உள்ளிருந்தும் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு வந்தோம். தாள் புரளும் சத்தமும், தூரத்தில் இடியும். ஒரு கட்டத்தில் மூன்றாவதாக ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் செருப்பைக் கழற்றி வரப்பில் ஜோடியாக வைத்துவிட்டு, தன் பக்கத்து ஓரத்தில் குனிந்திருந்தான். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னான் என்று இன்றுவரை கேட்கவில்லை.

கறுப்பு நிலம் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையானது. நாங்கள் மேகத்தின் மேல் நடந்துகொண்டிருந்தோம் என்று சொன்னால் இவர் சிரிப்பார், ஆனால் அப்படித்தான் இருந்தது. இவரும் நானும் அந்தப் பாயளவு இடத்தில் வந்து நின்றபோது முதல் துளி விழுந்தது. பிறகு எல்லாத் தாளிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. அவ்வளவு பெரிய சத்தத்தை நான் ஆலையில்கூடக் கேட்டதில்லை.

அரை மணி நேரம் அடித்து ஊற்றியது. வேப்பமரத்தடியில் மூன்று பேரும் நனைந்தோம். அண்ணன் நிலத்திலிருந்து மண் கறுப்பாக ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அவன் தலையைத் துவட்டினான். எங்கள் மடையில் தண்ணீர் அப்போதுதான் வழியத் தொடங்கியது. தூக்கு மூடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கல்யாணத்துக்கு வாங்கிய தூக்கு. பெயர் வெட்டின கடைக்காரன் அவசரத்தில் மூடியின் உள்பக்கம் வெட்டிவிட்டான். யோகேஸ்வரி என்று ஐந்து எழுத்து. போன வருஷத் தண்ணீரில் அதில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

மடையில் குனிந்து மூடி நிறையப் பிடித்தேன். கலங்கல்தான். மழை இன்னும் தூறிக்கொண்டிருந்ததால் தண்ணீர் அடங்கித் தெளியவில்லை. இவர் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்த அந்தக் கடைசித் தாள் இன்னும் இருந்தது. திருப்பாமல் விட்ட ஒரே முருகன், கலர் எல்லாம் சரியாக உட்கார்ந்தவர். அதை மூடிக்கு மேலே கூரை மாதிரி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். மழை முருகன் முகத்தில் விழுந்து ஓரத்தில் வழிந்தது.

“தெரியுதா?” என்றார்.

“பேசாதீக. அசையுது.”

குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் எழுத்து மெல்ல மேலே வந்தது. அடுத்ததற்காக, மூடியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.